பதினொரு மாத வெளியுறவு அமைச்சர்: அல்ஃபோன்சோ கார்சியா ரோப்லெஸின் பணியை எப்படி மதிப்பிடுவது?

பழஞ்சுவடி:

மெக்சிகோவின் வெளியுறவு அமைச்சர்கள் பட்டியலில் அல்ஃபோன்சோ கார்சியா ரோப்லெஸின் பெயர் 1975 டிசம்பர் இறுதியில் தோன்றி, 1976 நவம்பர் இறுதியில் மறைந்துவிடுகிறது. ஏறக்குறைய பதினொரு மாதங்கள்தான். அந்தப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு குடியரசுத் தலைவரின் கடைசி ஆண்டில் காலியிடத்தை நிரப்ப அழைக்கப்பட்ட அதிகாரி என்று கடந்துபோய்விடலாம். ஆனால் 1982இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றவரும், எந்தத் துறையிலும் நோபல் பெற்ற முதல் மெக்சிகோகாரரும் இவர்தான். ஒக்தாவியோ பாஸ் 1990இலும், மாரியோ மொலினா 1995இலும் பின்னால் வந்தவர்கள்.

வாழ்க்கையின் எலும்புக்கூட்டை முதலில் தந்துவிடுகிறேன். 1911 மார்ச் 20 அன்று மிச்சோவகான் மாநிலத்தின் சமோராவில் பிறந்தார். மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, பாரிசிலும் தி ஹேகிலும் சர்வதேசச் சட்டத்தைத் தொடர்ந்தார். 1939இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்ததும் சுவீடன் தூதரகத்தில் மூன்றாம் செயலர் பதவி கிடைத்தது. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவான மாநாட்டுக்குச் சென்ற மெக்சிகோ குழுவில் இருந்தார். அடுத்த ஆண்டே ஐ.நா. தலைமைச் செயலகத்தில் சேர்ந்து, சுமார் பத்தாண்டுகள் பாதுகாப்புச் சபை விவகாரங்களைக் கவனிக்கும் துறையில் அரசியல் பிரிவின் இயக்குநராக வேலை பார்த்தார். 1957இல் நாடு திரும்பி அமைச்சகத்தில் பொறுப்பேற்றார். 1962 முதல் 1964 வரை பிரேசிலில் தூதர். 1964 முதல் 1970 வரை வெளியுறவுத் துணைச் செயலர். 1971 முதல் 1975 வரை நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான மெக்சிகோவின் நிரந்தரப் பிரதிநிதி. அதற்குப் பிறகுதான் அந்தப் பதினொரு மாதங்கள். 1977 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஜெனிவாவில் ஆயுதக் களைவுப் பேச்சுவார்த்தை. 1991 செப்டம்பர் 2 அன்று மெக்சிகோ நகரில் மறைந்தார்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், விவாதத்துக்கு வசதியாக இருக்கும். இவருடைய உண்மையான சாதனை அமைச்சர் நாற்காலியில் அமர்ந்து செய்தது அன்று. துணைச் செயலராக இருந்தபோது, லத்தீன் அமெரிக்காவை அணுஆயுதமற்ற வட்டாரமாக்கிய 1967ஆம் ஆண்டு த்லதெலோல்கோ உடன்படிக்கையை வரைந்து முடித்ததே அது. இவரைப் படிப்பவர்கள் அமைச்சர் பதவியை ஓர் அடிக்குறிப்பாக வைத்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

கடலோடி:

அடிக்குறிப்பு என்பது சற்று அநியாயம், ஐயா. அந்தப் பதினொரு மாதங்கள் எந்தச் சூழலில் வந்தன என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1975 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை சியோனிசத்தை இனவாதத்தின் ஒரு வடிவம் என்று அறிவித்த 3379ஆம் தீர்மானத்துக்கு மெக்சிகோ ஆதரவாக வாக்களித்தது. அமெரிக்க யூத அமைப்புகள் மெக்சிகோவுக்குச் சுற்றுலா செல்வதைப் புறக்கணித்தன. நிலைமையைச் சரிசெய்ய அப்போதைய வெளியுறவு அமைச்சர் எமிலியோ ரபாசா இஸ்ரேலுக்குச் சென்றார். அந்தப் பயணமே உள்நாட்டில் பெரும் கண்டனத்துக்கு ஆளாகி, டிசம்பர் முடிவதற்குள் அவர் பதவி விலகினார். அப்படி ஒரு தருணத்தில் எந்த அணியையும் சாராத, ஐ.நா.வின் நடைமுறைகளை உள்ளங்கை நெல்லிக்கனியாக அறிந்த ஒரு தொழில்முறைத் தூதரை அழைத்தது குடியரசுத் தலைவர் எச்செவெரியாவுக்கு ஆபத்தில்லாத தேர்வாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெக்சிகோ தன் கடற்கரையிலிருந்து 200 கடல்மைல் வரை தனிப் பொருளாதார மண்டலத்தை (மீன் முதலிய கடல்வளங்களில் தனக்கே உரிமை உள்ள பகுதியை) அறிவிப்பதற்காக அரசியலமைப்பின் 27ஆம் பிரிவைத் திருத்தியது. அது வெளியானது 1976 பிப்ரவரியில், நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஜூனில். இரண்டும் இவர் அமைச்சராக இருந்த காலம். ஐ.நா.வின் மூன்றாவது கடல்சட்ட மாநாடு ஒரு முடிவுக்கு வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அதைச் செய்துவிட்டார்கள். கடல்சட்டம் இவருக்குப் புதிதன்று. 1958, 1960 ஆண்டுகளின் ஜெனிவா மாநாடுகளிலேயே மெக்சிகோவின் தரப்பில் உழைத்தவர். மீன்பிடி கடலில் நூறு மைல் கூடுதலா குறைவா என்பது கரையில் இருப்பவனுக்குப் பெரிய விஷயம், அதை அடிக்குறிப்பில் போடாதீர்கள்.

பழஞ்சுவடி:

ஏற்கிறேன். ஆனாலும் அந்தத் திருத்தம் அவர் பதவியேற்பதற்கு முன்பே எச்செவெரியா அரசு எடுத்த முடிவு. அமைச்சராக அவர் அதை நிறைவேற்றிவைத்தார், தொடங்கிவைக்கவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் நான் சொல்ல வந்தேன். கூடவே, எச்செவெரியா அந்த ஆண்டு ஐ.நா. பொதுச்செயலர் பதவிக்கே ஆசைப்பட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பதவிக்காலம் முடியும் தறுவாயில் தலைவருக்கு நியூயார்க் கனவு இருக்கும்போது, வெளியுறவு அமைச்சருக்குத் தனிக் கொள்கை வகுக்க எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

ஐயவாதி:

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். அமைச்சர் பதவியை விட்டுவிடுவோம். அந்த உடன்படிக்கைக்கே நாம் தேவைக்கு மேல் மாலை சூட்டுகிறோமோ என்பது என் ஐயம்.

1967இல் லத்தீன் அமெரிக்காவில் அணுஆயுதம் வைத்திருந்த நாடு எது? ஒன்றுமில்லை. செய்யும் திறனுக்கு அருகில் வரக்கூடியவையாக இருந்தவை அர்ஜென்டினா, பிரேசில் ஆகிய இரண்டுதான். அவை இரண்டும் உடன்படிக்கைக்கு வெளியே நின்றன. அர்ஜென்டினா 1967இல் கையெழுத்திட்டுவிட்டு 1994 வரை பின்னேற்பு (கையெழுத்துக்குப் பிறகு சட்டப்படி உறுதிசெய்தல்) செய்யவில்லை. பிரேசில் பின்னேற்பு செய்தது, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்தாத வகையில் செய்தது. 1975இல் அது மேற்கு ஜெர்மனியோடு பெரிய அணுசக்தி ஒப்பந்தம் போட்டது. 1983இல் அர்ஜென்டினா யுரேனியத்தைச் செறிவூட்டும் திறன் தனக்கு வந்துவிட்டதாக அறிவித்தது. இத்தனையும் இந்த உடன்படிக்கை இருந்தபோதே நடந்தவை.

மேலும், உடன்படிக்கையின் 18ஆம் விதி அமைதி நோக்கத்துக்கான அணுவெடிப்புகளை அனுமதிக்கிறது என்று இந்த இரண்டு நாடுகளும் வாதிட்டன. வெடிகுண்டுக்கும் 'அமைதி வெடிப்பு'க்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பதை 1974 மே மாதத்துப் பொக்ரானைப் பார்த்த நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அணுஆயுதம் ஏந்திய கப்பல் அந்த வட்டாரத்தின் வழியே கடந்துபோவதையும் உடன்படிக்கை தடைசெய்யவில்லை. 1982இல் பாக்லாந்துப் போருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களில் அணு ஆழ்கடல் குண்டுகள் இருந்ததைப் பிரிட்டன் 2003இல் ஒப்புக்கொண்டது. வேலியைப் போட்டார்கள், வாசலை மூட மறந்தார்கள்.

சட்டப்படி:

ஐயவாதி அவர்கள் சொன்ன உண்மைகள் அனைத்தும் சரி. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தவறு என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்குப் போவோம். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, லத்தீன் அமெரிக்க அரசுகள் தங்கள் மண் இரு வல்லரசுகளின் போர்க்களமாகக்கூடும் என்பதை முதன்முறையாக நேரில் உணர்ந்தன. அந்த ஆண்டே அணுஆயுதமற்ற வட்டாரம் என்ற யோசனையை ஐ.நா.வில் பிரேசில் முன்வைத்தது. அப்போது மெக்சிகோவின் தூதராகப் பிரேசிலில் இருந்தவர் கார்சியா ரோப்லெஸ். 1963 ஏப்ரல் 29 அன்று மெக்சிகோ, பிரேசில், பொலிவியா, சிலி, எக்குவடோர் ஆகிய ஐந்து நாடுகளின் தலைவர்கள் கூட்டறிக்கை வெளியிட்டார்கள்; நவம்பரில் பொதுச்சபை அதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1964இல் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்கே இருந்த ஆர்வம் வடிந்துவிட்டது. தலைமை மெக்சிகோவின் கைக்கு வந்தது. அதே 1964 நவம்பரில் மெக்சிகோ நகரில் கூடிய கூட்டம் ஒரு தயாரிப்பு ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவரானார் அப்போதைய துணைச் செயலர் கார்சியா ரோப்லெஸ். 1965 மார்ச் முதல் 1967 பிப்ரவரி வரை நான்கு அமர்வுகளில் வேலை முடிந்தது. 1967 பிப்ரவரி 14 அன்று 14 நாடுகள் கையெழுத்திட்டன.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஆணையத்தில் எழுந்த பெரிய சிக்கல், உடன்படிக்கை எப்போது நடைமுறைக்கு வரும் என்பதுதான். பிரேசில் தரப்பு நான்கு நிபந்தனைகளைக் கேட்டது: வட்டாரத்தின் எல்லா நாடுகளும் பின்னேற்பு செய்ய வேண்டும்; வட்டாரத்துக்குள் ஆட்சிப்பகுதி வைத்திருக்கும் வெளிநாடுகள் முதல் கூடுதல் நெறிமுறையை (உடன்படிக்கையோடு இணைந்த தனி ஆவணத்தை) ஏற்க வேண்டும்; அணுஆயுத வல்லரசுகள் அனைத்தும் இரண்டாம் நெறிமுறையை ஏற்க வேண்டும்; எல்லோரும் வியன்னாவின் சர்வதேச அணுசக்தி முகமையோடு கண்காணிப்பு ஒப்பந்தம் செய்ய வேண்டும். இவை நிறைவேறும்வரை யாரையும் உடன்படிக்கை கட்டுப்படுத்தாது. கியூபா வரவே மறுத்த நாட்களில் இப்படிக் கேட்பது, உடன்படிக்கையைப் பிறக்கும் முன்பே புதைப்பதற்குச் சமம். மெக்சிகோவோ, குறைந்த எண்ணிக்கையிலான நாடுகள் பின்னேற்பு செய்தவுடனே தொடங்கிவிட வேண்டும் என்றது.

கார்சியா ரோப்லெஸின் ஆணையம் கண்ட வழி 28ஆம் விதியில் இருக்கிறது. அதன் முதல் பத்தி பிரேசில் கேட்ட நான்கு நிபந்தனைகளையும் அப்படியே எழுதிவைத்தது. இரண்டாம் பத்தி, எந்த நாடும் பின்னேற்பு செய்யும்போதோ அதற்குப் பிறகோ அந்த நிபந்தனைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தன்னளவில் தள்ளுபடி செய்யலாம், அந்த உரிமை காலாவதியாகாது என்றது. தள்ளுபடி செய்த நாட்டுக்கு அந்த நாளிலிருந்தே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்துவிடும். யாரும் தோற்கவில்லை, யாரும் மற்றவருக்காகக் காத்திருக்கவும் இல்லை. 1968 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவுக்கும் எல் சல்வடோருக்கும் இடையே அது உயிர்பெற்றது. 1969 ஏப்ரலில் பதினோராவது நாடு தள்ளுபடியோடு சேர்ந்ததும், உடன்படிக்கையைக் கவனிக்கும் ஓபனால் என்ற நிரந்தர அமைப்பு உருவாக வழி பிறந்தது.

இதன் அருமையை உணர 1996ஆம் ஆண்டின் முழுமையான அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையைப் பாருங்கள். அதன் இணைப்பில் பெயர் குறிக்கப்பட்ட 44 நாடுகளும் பின்னேற்பு செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும். இந்தியா உள்ளிட்ட சில நாடுகள் செய்யாததால், இன்றுவரை அது சட்டப்படி பிறக்கவே இல்லை. அந்த வரைவுக்காரர்கள் 28ஆம் விதியைப் படித்திருக்கக் கூடாதா என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம் உண்டு.

மஞ்சள்விளக்கு:

மிக நல்ல விளக்கம். ஒரு கேள்வி மட்டும் எனக்கு உறுத்துகிறது. த்லதெலோல்கோ என்ற பெயரைக் கேட்டவுடன் மெக்சிகோகாரர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது 1967 பிப்ரவரி அன்று, 1968 அக்டோபர் 2 தான். ஒலிம்பிக் போட்டிக்குப் பத்து நாள் முன்பு, மெக்சிகோ நகரின் த்லதெலோல்கோ பகுதியில் உள்ள மூன்று பண்பாடுகளின் சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்கள்மீது அரசுப் படைகள் சுட்டன. வெளியுறவு அமைச்சகத்தின் கோபுரம் அந்தச் சதுக்கத்தின் ஓரத்திலேயே நின்றது. அப்போதும் கார்சியா ரோப்லெஸ்தான் துணைச் செயலர், பதவியில் தொடர்ந்தார். உலகுக்கு அமைதி உடன்படிக்கை வரைந்தவர் தன் அலுவலக வாசலில் நடந்ததற்கு என்ன செய்தார் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இவர் வாழ்க்கையை எழுத முடியுமா?

பழஞ்சுவடி:

தவிர்க்கக் கூடாது, தோழி. அதே இடம் 1521 ஆகஸ்டில் அஸ்டெக்குகளின் கடைசித் தோல்வி நிகழ்ந்த இடமும்கூட. அந்த மண்ணின் மீது பெயர்கள் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கின்றன. இன்று அந்தக் கோபுரம் அமைச்சகத்தின் வசம் இல்லை. தேசியப் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு மையமாக, 1968ஐ நினைவுகூரும் காட்சியகத்தோடு இருக்கிறது.

அந்தப் படுகொலைக்குப் பிறகு அரசுப் பதவியைத் துறந்த தூதர் என்று எல்லோரும் சொல்வது இந்தியாவில் தூதராக இருந்த ஒக்தாவியோ பாஸை. அவர் டெல்லிப் பதவியிலிருந்து விலகினார். கார்சியா ரோப்லெஸ் விலகவில்லை. இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமே. கவிஞர் வெளியே வந்து பேசினார். சட்ட வல்லுநர் உள்ளேயே இருந்து வேலையைத் தொடர்ந்தார், ஓபனால் அடுத்த ஆண்டு அமைந்தது. இதைச் சொல்வதால் அவருடைய மௌனத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்சிகோவின் வெளியுறவுக் கொள்கைக்கு ஒரு பழைய இரட்டைத்தன்மை உண்டு: 1964இல் அமெரிக்க நாடுகள் அமைப்பு சொன்ன பிறகும் கியூபாவோடு உறவை முறிக்க மறுத்த ஒரே லத்தீன் அமெரிக்க நாடு அது, வெளியே அவ்வளவு துணிச்சல் காட்டிய அதே ஆட்சி, உள்ளே எதிர்ப்புக் குரலைப் பொறுத்ததில்லை. கார்சியா ரோப்லெஸ் அந்த ஆட்சியின் வெளிமுகத்துக்காக உழைத்தவர்.

மஞ்சள்விளக்கு:

நன்றி. நான் எதிர்பார்த்த அளவு அதுவே. தீர்ப்பெழுதுவது என் நோக்கம் இல்லை; அந்த வரி வாழ்க்கைக் குறிப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடலோடி:

நோபல் பரிசைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். அது அவருக்கு மட்டும் தரப்படவில்லை அல்லவா?

பழஞ்சுவடி:

இல்லை, சுவீடனின் ஆல்வா மிர்தாலோடு பகிர்ந்துகொண்டார். 1939இல் இளம் மூன்றாம் செயலராகச் சுவீடனில் தொடங்கியவர், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு சுவீடன் பெண்மணியோடு ஒஸ்லோ மேடையில் நின்றார். ஆல்வா மிர்தால் 1955 முதல் 1961 வரை டெல்லியில் சுவீடன் தூதராக இருந்தவர் என்பதும், பின்னர் ஜெனிவாவில் தன் நாட்டு ஆயுதக் களைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் நம்மில் பலர் மறந்த செய்தி. வல்லரசு அல்லாத இரு நாடுகளின் இரு பேச்சாளர்கள்.

பரிசு வந்த நேரத்தையும் பாருங்கள். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்து உலக வங்கித்துறையையே உலுக்கியிருந்தது. அக்டோபரில் பரிசு. அந்த ஆண்டு மெக்சிகோவைப் பற்றி வெளியுலகில் வந்த ஒரே நல்ல செய்தியாகக்கூட அது இருந்திருக்கும்.

ஆனால் பரிசுக்குக் காரணம் த்லதெலோல்கோ மட்டும் இல்லை. 1978இல் ஆயுதக் களைவுக்காகப் பொதுச்சபையின் முதல் சிறப்பு அமர்வு நடந்தது. 129 பத்திகள் கொண்ட அதன் இறுதி ஆவணத்தை எல்லா நாடுகளும் வாக்கெடுப்பின்றி ஏற்கும் வகையில் ஒழுங்குபடுத்தியதில் இவருடைய பங்கு பெரிது. அதன் பிறகு எந்த மேடையிலும் அந்த ஆவணத்தின் வரிகளை எடுத்துக்காட்டியே வல்லரசுகளை மடக்குவார்: நீங்களே ஒப்புக்கொண்டதுதானே இது, என்று.

ஐயவாதி:

மடக்கினார், சரி, அவர்கள் மடங்கினார்களா? அதே சிறப்பு அமர்வின் தொடர்ச்சியாக, முழுமையான ஆயுதக் களைவுத் திட்டம் ஒன்றை வரைய ஜெனிவாவில் அமைந்த குழுவுக்கு இவரே தலைமை தாங்கினார். 1980கள் முழுவதும் உட்கார்ந்து பேசினார்கள். 1989 வரை ஒத்த கருத்து வரவில்லை. திட்டம் அப்படியே கிடப்பில் போனது. 28ஆம் விதியைக் கண்ட அதே மூளைக்கு அங்கே வழி கிடைக்கவில்லை. ஏனென்றால், லத்தீன் அமெரிக்காவில் விட்டுக்கொடுக்க யாரிடமும் ஆயுதம் இல்லை. ஜெனிவாவில் எதிரே உட்கார்ந்தவர்களிடம் ஆயிரக்கணக்கில் இருந்தன. வாசகத்தின் சாமர்த்தியம் அதிகாரத்தின் முன்னால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதியே சாட்சி.

சட்டப்படி:

இந்த இடத்தில் உங்களோடு பெருமளவு உடன்படுகிறேன், ஐயா. ஆனாலும் வல்லரசுகள் த்லதெலோல்கோவுக்கு எதையும் தரவில்லை என்பது சரியன்று. இரண்டாம் நெறிமுறையின்படி, வட்டார நாடுகள்மீது அணுஆயுதத்தைப் பயன்படுத்தவோ பயன்படுத்துவதாக மிரட்டவோ மாட்டோம் என்று அணுஆயுத நாடுகள் சட்டப்படி உறுதியளிக்க வேண்டும். பிரிட்டன் 1969இலும், அமெரிக்கா 1971இலும், பிரான்சும் சீனாவும் 1974இலும், சோவியத் ஒன்றியம் 1979இலும் அதைப் பின்னேற்பு செய்தன. விளக்கக் குறிப்புகளை ஒட்டிவைத்துத்தான் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேரும் செய்தார்கள். பிற்பாடு வந்த அணுஆயுதமற்ற வட்டாரங்கள் சிலவற்றுக்கு இந்த ஐந்து கையெழுத்துகளும் இன்னும் கிடைக்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவின் பாங்காக் உடன்படிக்கை 1995இலிருந்து காத்திருக்கிறது.

அணுஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது 1968 ஜூலையில், அதாவது த்லதெலோல்கோவுக்குப் பிறகு. வட்டார உடன்படிக்கைகள் செய்துகொள்ளும் நாடுகளின் உரிமையை அதன் 7ஆம் விதி அங்கீகரித்ததற்கு மெக்சிகோவின் வற்புறுத்தல் ஒரு முக்கியக் காரணம். குழந்தை முதலில், பெயர்சூட்டு விழா அப்புறம்.

கரையேறி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே 1971இல் இலங்கையின் முயற்சியால் இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. அது ஏன் த்லதெலோல்கோவைப் போல் உருப்பெறவில்லை?

சட்டப்படி:

சுருக்கமாகச் சொன்னால், அது தீர்மானமாகவே நின்றது, உடன்படிக்கையாக மாறவில்லை. கரையோர நாடுகளே தங்களுக்குள் ஒத்துவரவில்லை. வல்லரசுகளின் கப்பற்படைகளோ நடுக்கடலில் இருந்தன. கார்சியா ரோப்லெஸ் நிலத்தை எடுத்துக்கொண்டார், அங்கே அரசுகளுக்குச் சட்டப்படி முழு உரிமை இருந்தது. கப்பல்கள் கடந்துபோவதைப் பற்றி உடன்படிக்கை வாய் திறக்காமல் விட்டதும் அதனால்தான். ஐயவாதி குறையாகச் சொன்ன அந்த மூடாத வாசல், அமெரிக்காவின் கையெழுத்துக்குக் கொடுத்த விலை. இதற்கு மேல் தனி இழை தொடங்கினால் அங்கே வருகிறேன்.

ஐயவாதி:

விலை என்பதை ஏற்கிறேன். மூல வாதத்துக்குத் திரும்புகிறேன்: அர்ஜென்டினாவும் பிரேசிலும் திருந்தியது உடன்படிக்கையாலா? அர்ஜென்டினாவில் 1983இலும் பிரேசிலில் 1985இலும் இராணுவ ஆட்சி முடிந்தது. குடிமக்கள் ஆட்சிகள் ஒன்றன் அணுநிலையங்களை மற்றொன்று பார்வையிட அனுமதித்தன. நம்பிக்கை வளர்ந்தது. உடன்படிக்கை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

பழஞ்சுவடி:

வேடிக்கை பார்த்தது என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தது. இரண்டு நாடுகளும் பரஸ்பரக் கண்காணிப்புக்காக ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1991 ஜூலை 18 அன்று. இடம், மெக்சிகோவின் குவாதலஹாரா. கார்சியா ரோப்லெஸ் மறைந்தது அதற்கு ஆறரை வாரங்கள் கழித்து. அடுத்த ஆண்டு உடன்படிக்கையைத் திருத்தினார்கள்: சிறப்புச் சோதனைகளை வியன்னா முகமை மட்டுமே நடத்தலாம் என்று மாற்றியதும், அவர்களின் கடைசித் தயக்கமும் போனது.

ஐயவாதி:

தேதிகளை மறுபடி சரிபார்த்தேன். 1994 ஜனவரி 18 அன்று அர்ஜென்டினாவும் சிலியும், அதே ஆண்டு மே 30 அன்று பிரேசிலும் உடன்படிக்கைக்குள் முழுமையாக வந்தன. அப்போதும் கியூபா வெளியேதான் இருந்தது. அது 1995இல் கையெழுத்திட்டு, 2002 அக்டோபரில்தான் பின்னேற்பு செய்தது. ஆகவே 28ஆம் விதியின் முதல் பத்தி நிபந்தனைகள் 1994இல் நிறைவேறியிருக்கவில்லை. மூன்று நாடுகளும் பயன்படுத்தியது இரண்டாம் பத்தியின் தள்ளுபடியை. பிரேசில் 1968 ஜனவரியில் பின்னேற்பு செய்தபோது தொடாமல் வைத்திருந்த அதே பத்தி, 26 ஆண்டுகள் கழித்தும் செல்லுபடியானது. இந்த ஒரு புள்ளியைச் சட்டப்படி அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். 18ஆம் விதியைப் பற்றி நான் சொன்னதை மட்டும் திரும்பப் பெறுவதாக இல்லை.